ஸ்கீ திருடு போகாமல், மாறிப்போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

முதன்முதலாகப் பனிச்சறுக்குப் போகிறவர்கள் விழுவதைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் ஸ்கீ, அதாவது காலில் மாட்டிச் சறுக்குகிற நீளப் பலகை ஜோடி, வைத்த இடத்தில் இருக்குமா என்று யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. உணவகத்துக்குள் ஸ்கீயை எடுத்துப்போக விடமாட்டார்கள். வாசலில் இருக்கும் மர ரேக்கிலோ இரும்பு ரேக்கிலோ நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே பெரும்பாலும் காவலுக்கு ஆள் இருக்காது, டோக்கனும் தரமாட்டார்கள். கூட்டம் அதிகமான நாளில் நூற்றுக்கணக்கான ஜோடிகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும். யார் எதை எடுத்துக்கொண்டு போனாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை.

ஸ்கீயைக் காணோம் என்றதும் எல்லாருக்கும் முதலில் வருகிற சந்தேகம் திருட்டு. உங்களுடையது வாடகை ஸ்கீ என்றால், திருடனைச் சந்தேகப்படுவதற்கு முன்னால், சாப்பிட்டு முடித்து அவசரமாகக் கிளம்பிப் போன இன்னொரு வாடகைக்காரரைச் சந்தேகப்படுங்கள். ஒரு கடையில் ஒரே மாடலில், ஒரே நிறத்தில், ஒரே நீளத்தில் பல ஜோடிகள் இருக்கும். அத்தனையும் அதே மலைக்குத்தான் வருகின்றன, அதே உணவக வாசலில்தான் நிற்கின்றன.

திருட்டும் மாறிப்போவதும் ஒன்றல்ல. திருட வருகிறவர் புதியதா, விலை கூடியதா, ஜோடி முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பார். தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நிதானமாக நடந்தே போய்விடுவார். ஸ்கீயைச் சுமந்துகொண்டு போகிற ஒருவரை அந்த இடத்தில் யார்தான் திரும்பிப் பார்ப்பார்கள்? மாற்றி எடுக்கிறவருக்கோ எந்தக் கணக்கும் கிடையாது. தன்னுடையதைப் போலவே ஒன்று கண்ணில் பட்டது, எடுத்தார், மாட்டினார், போய்விட்டார். இவர்களில் ஒருவரைத் தடுக்கிற வழி இன்னொருவரையும் தடுக்குமா என்பதைப் பார்த்துத்தான் கீழே உள்ளவற்றில் எதை எப்போது செய்வது என்று முடிவு செய்ய வேண்டும்.

வாடகைக் கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்

கடையில் உங்கள் எடை, உயரம், வயது, எவ்வளவு பழக்கம் என்றெல்லாம் கேட்பார்கள். பூட்ஸின் குதிகால் பக்கத்தில் மில்லிமீட்டரில் ஒரு எண் அச்சாகியிருக்கும், 305 என்றோ 315 என்றோ. அது பூட்ஸின் அடிப்பகுதி நீளம். இவற்றையெல்லாம் வைத்துத்தான் பைண்டிங்கை, அதாவது பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் கொக்கியை, உங்களுக்கென்று அமைப்பார்கள். நீங்கள் விழும்போது எவ்வளவு விசையில் அது பூட்ஸை விடுவிக்க வேண்டும் என்பதற்கான அளவைத்தான் டின் எண் என்கிறார்கள். பைண்டிங்கின் முன்பகுதியிலும் பின்பகுதியிலும் ஒரு சிறிய அளவுகோல் மாதிரி அது தெரியும்.

ஸ்கீ மாறிப்போவது வெறும் பொருள் நஷ்டம் இல்லை என்பதற்குக் காரணம் இதுதான். உங்களைவிட எடையும் அனுபவமும் கூடிய ஒருவருடைய ஸ்கீயை மாட்டிக்கொண்டு போனால், நீங்கள் விழும்போது பைண்டிங் விடாமல் பிடித்துக்கொள்ளும். காலோ முழங்காலோ முறுக்கிக்கொள்ளும். ஒரு சிறுவனுக்கு அமைத்ததை நீங்கள் மாட்டினால் வேகமாகத் திரும்பும்போதே கழன்று விழும். உங்கள் ஸ்கீயை எடுத்துப் போனவருக்கும் இதே ஆபத்துதான்.

அதனால் கவுன்டரிலேயே நின்று இரண்டு ஸ்கீயிலும் ஒட்டியிருக்கிற எண்ணையோ பார்கோடையோ படியுங்கள். இரண்டிலும் ஒரே எண்தானா என்று பாருங்கள். அவசரத்தில் கடைக்காரரே ஒரு ஜோடியில் ஒன்றையும் இன்னொரு ஜோடியில் ஒன்றையும் எடுத்துக் கொடுப்பதும் உண்டு. அப்புறம் போனை எடுத்துச் சில படங்கள். முழு ஸ்கீயும் தெரிகிற மாதிரி ஒன்று, எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒன்று, பைண்டிங்கில் டின் எண் தெரிகிற மாதிரி ஒன்று. சறுக்கும்போது கையில் ஊன்றுகிற கோல்களின் நீளம், பூட்ஸின் எண், கடை கொடுத்த ரசீது, இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனிக்கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே "என்னுடையது நீலமா, கறுப்பா?" என்று யோசிக்கிற நிலைமை வந்தால் அந்தப் படங்கள் கைகொடுக்கும்.

கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். திருடு போனால் யார் பொறுப்பு? யாராவது மாற்றி எடுத்துப்போனால் யார் பொறுப்பு? அப்படி நடந்தால் எந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்? கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுக்கிற பாதுகாப்புத் திட்டம் பல இடங்களில் உடைவதற்கு மட்டுமே பொருந்தும். திருட்டும் அதில் அடங்கும் என்றால்கூட, பூட்டியிருக்க வேண்டும், போலீஸ் புகாரின் நகல் வேண்டும், இரவில் வெளியே விட்டிருக்கக் கூடாது என்று நிபந்தனைகள் இருக்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிடுவது நல்லது. பின்னால் நீளமாக வரிசை நிற்கும், பரவாயில்லை, நிற்கட்டும்.

ஒரு பட்டை டேப்

விலையுயர்ந்த பூட்டைவிடப் பளிச்சென்ற டேப் ஒரு சுருளின் மீதுதான் எனக்கு நம்பிக்கை அதிகம். விமான நிலையத்தில் ஒரே மாதிரியான கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவே கைப்பிடியில் துணி கட்டிய பெட்டியை யாரும் தெரியாமல் எடுத்துப்போவதில்லை, அதே கதைதான் இங்கேயும்.

ஒட்டுகிற இடம் முக்கியம். ரேக்கில் நிற்கும்போது ஸ்கீயின் வளைந்த முனை மேலே, உங்கள் கண் மட்டத்துக்கு வரும். அதனால் முனைக்குச் சற்றுக் கீழே, மேற்பரப்பில் ஒட்டுங்கள். இரண்டு ஸ்கீயிலும் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில். அடிப்பரப்பில் ஒட்டினால் சறுக்காது. ஓரத்திலுள்ள எஃகு விளிம்பின் மேல் ஏறினால் முதல் சறுக்கிலேயே கிழிந்துவிடும். பைண்டிங்கிலும், கழன்ற ஸ்கீ சரிவில் ஓடாமல் பனியில் ஊன்றி நிறுத்துகிற பிரேக்கிலும், அதாவது அசைகிற எந்தப் பாகத்திலும், எதையும் சுற்றக் கூடாது. கடையின் பார்கோடை மறைக்கவும் கூடாது. இன்னொன்று, டேப்பை அறைக்குள்ளேயே, ஸ்கீயைத் துடைத்துக் காயவைத்த பிறகு ஒட்டுங்கள். ஈரத்திலும் குளிரிலும் பசை பிடிக்காது. வெளியே நின்று ஒட்டினால், மலைமேல் ஏற்றிப்போகிற லிஃப்டில் அடுத்த முறை ஏறுவதற்குள் அது தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்த டேப்பின் மேலேயே அழியாத பேனாவால் உங்கள் போன் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுதிவையுங்கள். மாற்றி எடுத்தவர் நல்லவராக இருந்தும், யாரிடம் கொடுப்பது என்று தெரியாததால் ஸ்கீ திரும்பி வராமல் போவது உண்டு. எண் இருந்தால் அவரே கூப்பிட்டுவிடுவார். சொந்த ஸ்கீயாக இருந்தால் பெயரை ஒட்டுத்தாளாகவோ பெயின்ட் பேனாவிலோ நிரந்தரமாகவே போட்டுவிடலாம். திருடுகிறவருக்கும் அது தலைவலி, பெயர் எழுதிய ஸ்கீயை விற்பது கஷ்டம்.

கோல்களை மறந்துவிடாதீர்கள். ஸ்கீயைவிட அதிகமாக மாறுவது அவைதான். எல்லாமே கறுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ இருக்கும், யாரும் பார்த்து எடுப்பதில்லை. கைப்பிடிக்குக் கீழே இரண்டு சுற்று டேப் போதும்.

சொந்த ஸ்கீ வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலை. சீரியல் எண் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துப் படம் எடுத்து வையுங்கள். பொதுவாக அது பைண்டிங்கை ஒட்டி மேற்பரப்பிலோ பக்கவாட்டிலோ சின்ன எழுத்தில் பொறித்திருக்கும். கடை பில்லும் அதோடு இருக்கட்டும். "கறுப்பு நிறம், 165 சென்டிமீட்டர்" என்று மட்டும் சொன்னால் போலீசாராலும் காப்பீட்டுக் கம்பெனியாலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

ஜோடியைப் பிரித்து வையுங்கள்

காசு செலவில்லாத, பழக்கப்பட்டவர்கள் பலரும் செய்கிற தந்திரம் இது. நீங்களும் நண்பரும் போகிறீர்கள் என்றால், உங்களுடையதில் ஒன்றையும் அவருடையதில் ஒன்றையும் சேர்த்து ஒரு ரேக்கில் வையுங்கள். மீதி இரண்டையும் வேறு ரேக்கில் வையுங்கள். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளை, நீளமும் வேறு என்று நிற்கிற ஜோடியை யாரும் தெரியாமல் எடுக்க மாட்டார்கள். திருட வந்தவருக்கும் மற்ற பாதியைத் தேடிக்கொண்டு நிற்க நேரமிருக்காது. பக்கத்திலேயே முழு ஜோடிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அவருக்கு எதற்கு வேலை?

தனியாக வந்திருந்தால் ஒன்றை இந்தக் கோடி ரேக்கிலும் மற்றதைப் பத்துப் பதினைந்து அடி தள்ளி இன்னொன்றிலும் வைக்கலாம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, புதியவர்கள் மாட்டிக்கொள்கிற இடமும் அதுதான். நீங்களும் நண்பரும் ஒரே கடையில் ஒரே மாடல் வாடகைக்கு எடுத்திருந்தால், ஆளுக்கு ஒன்றாகக் கலந்து வைத்த ஜோடி பார்வைக்கு ஒழுங்கான ஜோடியாகவே தெரியும். அப்போது திருடனையும் ஏமாற்ற முடியாது, மாற்றி எடுப்பவரையும் தடுக்க முடியாது. திரும்ப எடுக்கும்போது நீங்களே மாற்றிக்கொண்டு, ஒரு காலில் உங்கள் அளவும் இன்னொரு காலில் அவர் அளவுமாகக் கிளம்பிவிடுவீர்கள். அப்படிப்பட்டவர்கள் ஆளுக்கு ஆள் கலக்காமல், தங்கள் ஜோடியைத் தாங்களே இரண்டு இடத்தில் பிரித்து வைப்பதுதான் சரி. குடும்பமாக வந்து குழந்தைகளின் ஸ்கீயையும் சேர்த்துப் பிரித்து வைக்கிற வேலையே வேண்டாம். ஆறு பேருக்குப் பன்னிரண்டு ஸ்கீயைப் பன்னிரண்டு இடத்தில் தேடுவதற்குள் லிஃப்டை மூடிவிடுவார்கள்.

எந்த ரேக் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். கதவுக்கு நேர் எதிரே இருக்கிற ரேக்கில்தான் எல்லாரும் வைப்பார்கள், அங்கேதான் நெரிசலும் குழப்பமும். இரண்டு வரிசை தள்ளி, நீங்கள் உட்காரும் மேசை ஜன்னலிலிருந்து தெரிகிற இடமாகப் பாருங்கள். வைத்துவிட்டு, பின்னால் ஏதாவது பலகையோ கட்டடமோ தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து தேடுவதற்கு மட்டும் இல்லை. ஸ்கீ காணாமல் போய்விட்டால், எத்தனை மணி வரை அது அங்கே இருந்தது என்பதற்கும் அந்தப் படம் சாட்சி. கேமரா பதிவைப் பார்க்கச் சொல்லிக் கேட்கிறீர்கள் என்றால், "12.40க்கும் 1.25க்கும் நடுவில்" என்று சொல்ல முடிவது பெரிய உதவி.

ரேக் நிரம்பிவிட்டது என்று சுவரில் சாய்த்துவிட்டோ பனியில் படுக்கவைத்துவிட்டோ போகாதீர்கள். காற்றில் விழுந்து மற்றவர்களுடையதோடு கலந்துவிடும். யாராவது எடுத்து ஓரமாக வேறெங்காவது வைத்துவிடுவார்கள். இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிச் சறுக்குகிற ஸ்னோபோர்டுக்கு ஸ்கீயைப் போல பிரேக் கிடையாது, ஆகவே கீழே வைப்பதாக இருந்தால் பைண்டிங் பனியில் படும்படி கவிழ்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவாகவே சரிவில் கிளம்பிவிடும்.

பூட்டு எவ்வளவு உதவும்?

உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் பூட்டு, அதிலிருந்து இழுத்தால் வருகிற மெல்லிய எஃகுக் கம்பி, மூன்று அல்லது நான்கு எண்கள் கொண்ட சக்கரம். ஸ்கீ பூட்டு என்று கடைகளில் விற்பது பெரும்பாலும் இதுதான். கம்பி வெட்டும் கருவியோடு வருகிறவருக்கு இது ஒரு நொடி வேலை. அது தெரிந்தேதான் வாங்க வேண்டும். ஆனால் ரேக்கை நோட்டம் விட்டுக்கொண்டே வருகிறவர் கம்பியைப் பார்த்ததும் அடுத்த ஜோடிக்குப் போய்விடுவார். மாற்றி எடுக்க வருகிறவரும் இழுத்துப் பார்த்து, வராமல் போனதும் அப்போதுதான் எண்ணைப் படிப்பார்.

ஸ்கீயில் கம்பியை நுழைக்க ஓட்டை கிடையாது என்பதால் பலர் சும்மா சுற்றிப் பூட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகிறார்கள். மேலே இழுத்தால் வளையத்திலிருந்து ஸ்கீ உருவிக்கொண்டு வந்துவிடும். கம்பியைப் பைண்டிங்கின் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் நடுவில் வருமாறு இரண்டு ஸ்கீயையும் சேர்த்து இறுக்கிச் சுற்றி, ரேக்கின் குறுக்குக் கம்பியையும் உள்ளே சேர்த்துப் பூட்ட வேண்டும். அப்போது மேலே இழுத்தாலும் கீழே இழுத்தாலும் பைண்டிங் தடுக்கும். பூட்டியபின் ஒருமுறை நீங்களே திருடுகிற மாதிரி இழுத்துப் பாருங்கள். ரேக்கின் கட்டை ஒரு பக்கம் திறந்திருந்தால், அதாவது கம்பி அப்படியே வழுக்கி வெளியே வரும் என்றால், கூட வந்தவர்களின் ஜோடிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பூட்டுங்கள். மூன்று ஜோடி ஸ்கீயை ஒரே கட்டாகத் தூக்கிக்கொண்டு யாரும் நிதானமாக நடக்க முடியாது. ஸ்னோபோர்டில் இந்தச் சிரமம் இல்லை, பைண்டிங்கிலேயே கம்பி நுழைய இடம் இருக்கும்.

பூட்டும்போது எல்லாச் சக்கரங்களையும் கலைத்து விடுங்கள். சோம்பலில் கடைசிச் சக்கரத்தை மட்டும் ஒரு எண் தள்ளிவிட்டுப் போவது நிறையப் பேருக்குப் பழக்கம். திறக்க ஒரே ஒரு சக்கரத்தைத் திருப்பினால் போதும் என்றால் அதற்குப் பூட்டு எதற்கு? ஈரப்பனி உள்ளே புகுந்து உறைந்தால் சக்கரம் திரும்பாது. அதனால் பயன்படுத்தாத நேரத்தில் பையின் வெளிப்பக்கத்தில் தொங்கவிடாமல் சட்டைப்பைக்குள் வைத்திருங்கள்.

இதற்கெல்லாம் மேலான வழி ஆள் இருக்கிற காப்பகம். பல பனிச்சறுக்கு மையங்களில் ஸ்கீயை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுக்கிற இடம் உண்டு. சில இடங்களில் இலவசம், சில இடங்களில் கட்டணம். வட அமெரிக்காவில் இது அதிகம். ஆல்ப்ஸ் பகுதியில் லிஃப்டின் அடிவாரத்திலேயே பூட்டுகிற லாக்கர்கள் இருக்கும், அவற்றில் பூட்ஸைக் காயவைக்கிற சூடான குழாய்களும் இருப்பது உண்டு. புது ஸ்கீ, விலை கூடிய ஸ்கீ என்றால் கணக்குப் பார்க்காமல் அங்கே கொடுத்துவிடுங்கள். எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவும் பயணமும்

இரவில் எதையும் வெளியே விடாதீர்கள். காரின் மேல் ரேக்கில் கட்டியபடியே விடுவது, தரைத்தள பால்கனியில் வைப்பது, தங்குமிடத்தின் வாசலில் சாய்த்துவைப்பது, மூன்றும் ஒன்றுதான். தங்குமிடத்தில் ஸ்கீ அறை இருந்தால் அங்கே வையுங்கள், ஆனால் அங்கேயும் பூட்டுப் போடுங்கள். அந்த அறையின் சாவியோ கதவு எண்ணோ எல்லா விருந்தினரிடமும் இருக்கும். காலையில் தூக்கக் கலக்கத்தோடு வருகிறவர்கள் மாற்றி எடுப்பதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை.

பூட்ஸை உங்கள் அறைக்கே கொண்டுபோய்விடுவது உத்தமம். உலர்த்தும் அறையில் வைத்தே ஆக வேண்டும் என்றால் அதிலும் டேப் ஒட்டுங்கள். ஒரே அளவு, ஒரே நிற வாடகை பூட்ஸ் பத்து ஜோடி அங்கே வரிசையாக இருக்கும். பைண்டிங்கை உங்கள் பூட்ஸின் அடிநீளத்துக்குத்தான் அமைத்திருக்கிறார்கள் என்பதால் பூட்ஸ் மாறினால் பைண்டிங்கும் பொருந்தாமல் போகும். இடையில் நீங்களே கடையில் வேறு பூட்ஸ் மாற்றி வாங்கினாலும், "ஸ்கீயையும் சரிபார்த்துக் கொடுங்கள்" என்று கேட்க மறக்காதீர்கள்.

பொருள் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டுகிற புளூடூத் டிராக்கர் வைக்கலாமா என்று கேட்பார்கள். ஏர்டேக் போன்றவை சுற்றிலும் போன்கள் இருக்கிற இடத்தில் நன்றாகவே வேலை செய்யும், ஏர்டேக்கைப் பொறுத்தவரை −20 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். ஆனால் ஸ்கீயின் மெல்லிய மேற்பரப்பில் அதை மறைக்க இடமில்லை, பார்த்ததும் பிடுங்கி எறிந்துவிடலாம். போதாக்குறைக்கு, தெரியாத டிராக்கர் ஒன்று கூடவே வருகிறது என்று எடுத்துப்போனவரின் போனுக்கே எச்சரிக்கை போகும். ஸ்கீயைவிட ஸ்கீ பைக்குள் போட்டுவைப்பதே நல்ல பயன். விமானத்தில் ஸ்கீ பைகள் பெரும்பாலும் பெரிய சாமான்களுக்கான தனி வாசலில்தான் வரும், அங்கேயும் எல்லாப் பையும் கறுப்புதான்.

எடுக்கும்போது பார்த்து எடுங்கள்

தங்கள் ஸ்கீயைக் காப்பாற்ற இவ்வளவு செய்கிறவர்கள், எடுக்கும்போது மட்டும் நிறத்தைப் பார்த்துவிட்டு எடுத்துவிடுகிறார்கள். வைக்கிற நேரத்தைவிட எடுக்கிற நேரத்தில்தான் குழப்பம் நடக்கிறது.

ரேக்கிலிருந்து தூக்குவதற்கு முன் எண்ணைப் படியுங்கள். டேப் இருக்கிறதா, நீளம் சரியா? நீளம் சென்டிமீட்டரில் ஸ்கீயின் மேலேயே அச்சாகியிருக்கும். இரண்டு ஸ்கீயிலும் எண் ஒன்றுதானா? கீழே வைத்து பூட்ஸை மாட்டும்போது உள்ளே போகவில்லை என்றாலோ, போய் லொடலொடவென்று ஆடினாலோ, உடனே நிறுத்துங்கள். பனி ஒட்டியிருக்கும் என்று பூட்ஸைத் தட்டிவிட்டு இன்னொரு முறை முயலலாம். அதற்குமேல் மிதித்துத் திணிக்கவோ, பைண்டிங்கைத் திருகி நகர்த்தவோ வேண்டாம். அது உங்கள் ஸ்கீயே இல்லை என்பதற்கான முதல் அறிகுறியாக இருக்கலாம்.

இதைத் திருப்பிப் போட்டு, "டக்கென்று மாட்டிக்கொண்டது, அப்படியானால் என்னுடையதுதான்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே அடிநீளமுள்ள பூட்ஸ் எத்தனையோ பேரிடம் இருக்கும். பூட்ஸ் பொருந்தும், டின் எண் வேறாக இருக்கும். மாட்டும்போது தெரியாது, விழும்போதுதான் தெரியும். அதனால் எண்ணைப் படிப்பதற்கு மாற்று கிடையாது.

கேபிள் காரில் இன்னொரு தடவை இதே கவனம் வேண்டும். பல கேபிள் கார்களில் ஸ்கீயைப் பெட்டியின் வெளிப்பக்கத்துத் துளைகளில் செருகிவிட்டு உள்ளே உட்கார வேண்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் ஊழியரோ முதலில் இறங்குகிறவரோ எல்லாவற்றையும் உருவி நீட்டிக்கொண்டே போவார்கள், பெட்டியும் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த அவசரத்தில் கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஓடுவது வழக்கம். ஓரமாக வந்து நின்று ஒருமுறை பாருங்கள், உங்களோடு இறங்கியவர்கள் இன்னும் அங்கேயேதான் இருப்பார்கள். ஸ்கீ பேருந்தில் ஏறினாலும் இப்படித்தான்.

காணோம் என்றால்

பதற்றப்படாமல் முதலில் எல்லா ரேக்குகளையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். நீங்களே இடத்தை மறந்திருக்கலாம், யாராவது விழுந்ததை எடுத்து வேறு ரேக்கில் நிறுத்தியிருக்கலாம், கூட வந்தவர் வேடிக்கையாக நகர்த்தியிருக்கலாம்.

கிடைக்கவில்லையா? இப்போது உங்களுடையதைத் தேடுவதை விட்டுவிட்டு, உங்களுடையதைப் போலவே இருக்கிற இன்னொரு ஜோடியைத் தேடுங்கள். யாரோ மாற்றி எடுத்துப் போயிருந்தால் அவருடைய ஜோடி அங்கேயேதான் நிற்கும். அதே மாடல், பக்கத்து நீளம், கேட்பாரில்லாமல் கிடக்கும். அதில் வாடகைக் கடை எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கடைக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னால், அது யாருக்குக் கொடுத்தது, அவருடைய போன் எண் என்ன என்று அவர்கள் கணக்கைப் பார்த்து அவரைக் கூப்பிடுவார்கள். உங்களிடம் அந்த எண்ணைச் சொல்ல மாட்டார்கள், சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சொந்த ஸ்கீ போலத் தெரிந்தால் உங்கள் எண்ணை எழுதி ஒரு சீட்டை அதில் செருகிவைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்திலேயே காத்திருங்கள். அவர் தன் தவறைக் கண்டுபிடித்தால் நேரே இங்கேதான் வருவார்.

அந்த ஜோடியை நீங்கள் மாட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். "அவர் என்னுடையதை எடுத்தார், நான் அவருடையதை எடுக்கிறேன்" என்பது நியாயம் மாதிரித் தோன்றும். ஆனால் அளவு உங்களுடையது இல்லை. அதற்குமேல், அது மூன்றாவது ஆளுடையதாக இருந்தால் அந்த வாசலில் இப்போது இரண்டு பேர் ஸ்கீ இல்லாமல் நிற்பார்கள்.

அடுத்து மையத்தின் விருந்தினர் சேவை மேசையிலும் அருகிலுள்ள லிஃப்ட் ஊழியரிடமும் சொல்லுங்கள், படத்தையும் காட்டுங்கள். நீங்கள் மலைமேல் இருக்கிற உணவகத்தில் மாட்டிக்கொண்டிருந்தால், சறுக்குப் பாதையில் நடந்து இறங்கப் பார்க்காதீர்கள். மேலிருந்து வேகமாக வருகிறவர்களுக்கு நீங்கள் நடப்பது கடைசி நேரத்தில்தான் தெரியும். லிஃப்ட் ஊழியரிடம் நிலைமையைச் சொன்னால் கேபிள் காரிலோ வேறு வழியிலோ கீழே இறங்க ஏற்பாடு செய்வார்கள்.

அன்றே கிடைக்கவில்லை என்றாலும் நம்பிக்கையை விட வேண்டாம். லிஃப்ட் மூடிய பிறகு ரேக்குகளில் எஞ்சியிருப்பதை ஊழியர்கள் ஒன்றுசேர்ப்பார்கள், ஆகவே அன்று மாலையும் மறுநாள் காலையும் தொலைந்த பொருள் பிரிவில் விசாரியுங்கள். மாற்றி எடுத்தவர் பெரும்பாலும் வாடகைக் கடையில் திருப்பிக் கொடுக்கும்போதுதான் விஷயம் தெரிந்து திடுக்கிடுவார். உங்கள் கடைக்கு அன்றே தகவல் சொல்லியிருந்தால் அவர்கள் எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள்.

அடையாளம் தெரியாத ஜோடி எதுவும் மிஞ்சவில்லை, உங்களுடையது புதிது, சொந்தம் என்றால், திருட்டு என்று எடுத்துக்கொள்வதே சரி. மையத்தின் பாதுகாப்புப் பிரிவிடம் சொல்லி, கேமரா அந்த ரேக்கைப் பார்க்கிறதா என்று கேளுங்கள். பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். போலீசில் புகார் கொடுத்து, சீரியல் எண்ணை எழுதவைத்து, நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பயணக் காப்பீடோ வீட்டுக் காப்பீடோ நகராது, புகார் கொடுக்கக் கெடுவும் இருக்கலாம். பழைய பொருள் விற்கிற இடங்களில் உங்கள் ஸ்கீயைப் பார்த்தால், வாங்குகிறவர் மாதிரி நடித்து நீங்களே நேரில் போய்ப் பிடிக்கிற சாகசம் வேண்டாம், படம் எடுத்துப் போலீசிடம் கொடுங்கள்.

மாற்றி எடுத்தது நீங்கள் என்றால்

தெரிந்த நொடியிலேயே மாட்டியிருப்பதைக் கழற்றிவிடுங்கள். எடுத்த ரேக்குக்குத் திரும்பிப் போவது எளிது என்றால் அங்கேயே போங்கள், உங்களுடையதும் அங்கே நிற்கக்கூடும். தூரம் என்றால் பக்கத்து விருந்தினர் சேவை மேசையில் கொடுத்து, எங்கே எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். ஸ்கீயில் போன் எண் இருந்தால் கூப்பிடுங்கள். எதிர்முனையில் இருப்பவர் கோபப்படுவதைவிட நிம்மதிப் பெருமூச்சு விடுவார். தங்குமிடத்துக்கு வந்தபிறகு தெரிந்தது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள், அவர் காலையில் ஊருக்குக் கிளம்புகிறவராக இருக்கலாம்.

கடைசி நாளில் வாடகை ஸ்கீயைத் திருப்பிக் கொடுக்கும்போதும் எண்ணைப் பார்த்தே கொடுங்கள். கடை மூடியிருக்கிறது என்று வாசலில் சாய்த்துவிட்டு விமானம் பிடிக்க ஓடாதீர்கள். அது தொலைந்தாலோ வேறு ஜோடி என்று தெரிந்தாலோ கட்டணம் உங்கள் அட்டையில்தான் ஏறும். ஊழியர் கையில் கொடுத்து, பார்கோடை ஸ்கேன் செய்யவைத்து, "திரும்பப் பெற்றோம்" என்ற ரசீதை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.